ஷாமிலிருந்து மதீனாவுக்கு எத்தனை நாள் வழி?

இரண்டு ஊர்களுக்கிடையே எவ்வளவு தூரம் என்று வினவினால், இன்று நாம் கிலோ மீட்டரில் விடை சொல்கிறோம். நம் பாட்டனார் காலத்தில் அவ்வாறு சொல்லவில்லை. நாலு நாழிகை வழி என்றார்கள். ஸுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் அஸருக்குப் போய்ச் சேரலாம் என்றார்கள். தூரத்தைக் காலத்தால் அளப்பது மனிதனின் மிகப் பழைய வழக்கம். நம் ஃபிக்ஹு நூல்களும் அந்த வழக்கத்தையே பற்றி நிற்கின்றன. பயணத்தில் தொழுகையைச் சுருக்கிக் கஸ்ராகத் தொழுவதற்கு எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும் என்ற வினாவுக்கு, ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் இரண்டு மர்ஹலா என்றனர். ஹனஃபீ மத்ஹபினர் மூன்று நாள் நடை என்றனர். மர்ஹலா என்பது சுமையேற்றிய ஒட்டகம் ஒரு நாளில் கடக்கும் வழி. இரண்டு மர்ஹலாவை 16 ஃபர்ஸக் என்றும் 48 மைல் என்றும் பெயர்த்து எழுதியது கணக்கு வசதிக்காகவே.

ஒட்டகத்தின் காலடியால் அளக்கப்பட்ட தூரங்களுள், நூற்றாண்டுகளாக முஸ்லிம் உலகின் நாவில் பழகிப்போன ஒன்று, டமாஸ்கஸ் நகருக்கும் மதீனா முனவ்வராவுக்கும் இடைப்பட்ட தூரம். அரபிகள் திமஷ்க் என்றும், உரிமையோடு ஷாம் என்றும் அழைக்கும் அந்நகரிலிருந்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருநகருக்கு ஏறத்தாழ நாற்பது நாள் வழி. 1908ஆம் ஆண்டில் அது மூன்று நாளாகச் சுருங்கியது. ஆகாய விமானத்துக்கோ இரண்டு மணி நேரம் போதும். நாற்பது நாள், மூன்று நாள், இரண்டு மணி என்று அடுக்கிச் சொன்னால் மனித முயற்சியின் வெற்றிக் கதையாகத் தோன்றும். ஆனால் இடையில் சுருங்கிய தூரம் மறுபடியும் நீண்டது என்பதைப் பலர் அறியார். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகிறேன்.

தூரத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள வாசகர்களுக்கு ஓர் ஒப்புமை கூறலாம். சென்னையிலிருந்து மும்பைக்கு இரயில் வழி ஏறத்தாழ 1,280 கிலோ மீட்டர். வான்வழி ஏறத்தாழ 1,030. டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு இருப்புப் பாதை 1,302 கிலோ மீட்டர்; வான்வழி ஏறத்தாழ 1,050. கப்பல் காலத்தில் நம் ஹாஜிகள் மூட்டை முடிச்சுகளோடு சென்னை வந்து, பம்பாய் மெயிலில் ஏறிப்போய், அங்கே முஸாஃபிர்கானாவில் தங்கிக் கப்பலுக்குக் காத்திருந்தார்களே, அவர்கள் கடலைக் காண்பதற்கு முன் கடந்த அந்தத் தரைவழியும், ஷாம் நாட்டு ஹாஜி மதீனாவுக்குக் கடந்த வழியும் நீளத்தில் ஏறத்தாழ ஒன்றே. முன்னதில் வழிநெடுக ஊரும் ஆறும் வயலும் உண்டு. பின்னதில் அவை இல்லை. அதுவே எல்லா வேறுபாட்டுக்கும் காரணம்.

அந்தப் பாதை இஸ்லாத்துக்கும் முந்தியது. குறைஷிகளின் கோடைக்கால வணிகக் கூட்டம் ஷாமுக்குச் சென்று வந்தது. ஹிஜ்ரீ 9ஆம் ஆண்டில், கடுங்கோடையில், பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுடன் மதீனாவிலிருந்து தபூக் வரை சென்றது இப்பாதையின் தென்பாதிதான். வாகனமும் தண்ணீரும் உணவும் பற்றாமல் தோழர்கள் பட்ட துன்பத்தால் அப்படைக்கு 'ஜைஷுல் உஸ்ரா', நெருக்கடிப் படை, என்ற பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் டமாஸ்கஸ் உமையாக்களின் தலைநகராயிற்று. அப்பால், வடக்கேயிருந்தும் கிழக்கேயிருந்தும் வரும் ஹாஜிகள் ஒன்றுகூடும் இடமாயிற்று. துருக்கியரும், குர்துகளும், காகசஸ் மலைநாட்டாரும், பாரசீகரும் ரமளானில் அங்கே வந்து தங்கி, பெருநாள் கழிந்தபின் ஷவ்வால் மாதத்தில் காஃபிலாவாகப் புறப்படுவர்.

1326ஆம் ஆண்டு, ஹிஜ்ரீ 726 ஷவ்வாலில், அக்காஃபிலாவோடு புறப்பட்டவருள் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் இருந்தார். பிற்காலத்தில் நம் தமிழகத்துக்கும் வந்து, மதுரையில் சுல்தான் கியாஸுத்தீனின் அவையில் தங்கியவரும், மணவுறவால் அந்தச் சுல்தானுக்குச் சகலையானவருமாகிய இப்னு பதூதாவே அவர். அவர் தரும் வழிக்குறிப்பு இன்றும் படிக்கச் சுவையானது. கர்க், மஆன் ஆகிய ஊர்களுக்குப் பின் பெரும் பாலைவனம் தொடங்குகிறது. தபூக்கில் காஃபிலா நான்கு நாள் தங்கும். ஒட்டகங்களுக்கு வயிறாரத் தண்ணீர் காட்டி, எருமைத் தோலால் ஆன பெருந்தொட்டிகளையும் தோற்பைகளையும் நிரப்பிக்கொள்வார்கள். ஏனெனில் தபூக்குக்கும் அல் உலாவுக்கும் இடைப்பட்ட வெளியே இப்பயணத்தின் மிகக் கொடிய பகுதி. அங்கே ஓராண்டு சமூம் என்னும் அனற்காற்று வீசித் தண்ணீரெல்லாம் வற்றிப்போக, ஒரு மிடறு நீரின் விலை ஆயிரம் தீனாராக ஏறியதென்றும், முடிவில் விற்றவரும் வாங்கியவரும் மடிந்தனரென்றும் அவர் கேட்டு எழுதுகிறார். சமூது கூட்டத்தார் வாழ்ந்த ஹிஜ்ர் என்ற இடத்தில் நல்ல நீருள்ள கிணறுகள் இருந்தன. ஆயினும், தபூக் பயணத்தின்போது பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததை நினைவிற்கொண்டு, எவ்வளவு தாகமாயினும் ஹாஜிகள் அந்நீரைத் தொடமாட்டார்கள். இந்த மதாயின் ஸாலிஹைப் பின்னர் ஓர் இரயில் நிலையமாகக் காணப்போகிறோம்.

உதுமானியர் ஆட்சி வந்தபின் வழியில் ஒரு நாள் பயணத்துக்கு ஒன்றாகக் கோட்டைகளும் நீர்த்தொட்டிகளும் எழுந்தன. கத்ரானாவிலும் மஆனிலும் தபூக்கிலும் அவற்றை இன்றும் காணலாம். காஃபிலாவுக்கு அமீருல் ஹஜ்ஜு என்னும் தலைவர் இருந்தார். படைவீரர்களும் பீரங்கியும் உடன் சென்றன. இவ்வளவும் போதாமல், பாலைவனக் குலத்தாருக்கு 'ஸுர்ரா' என்னும் ஆண்டுக் கொடை பணமாகவும் தானியமாகவும் வழங்கப்பட்டது. அதைக் கப்பம் என்று சிலர் எழுதுகின்றனர். கிணறுகளும் மேய்ச்சல் வெளியும் தம்முடையவை என்று கருதிய அக்குலத்தாரோ அதைத் தம் உரிமை என்றே கொண்டனர். கொடை நின்றபோதெல்லாம் வழி அடைபட்டது. 1757இல் திரும்பி வந்துகொண்டிருந்த காஃபிலாவை பனூ ஸக்ர் குலத்தார் தாக்கியபோது, வாளாலும் தாகத்தாலும் மாண்டவர் 20,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். நாற்பது நாள் வழி என்ற சொல்லுக்குப் பின்னால் இத்தனையும் உண்டு.

1876இல் அக்காஃபிலாவோடு மதாயின் ஸாலிஹ் வரை சென்ற ஆங்கிலேயர் டௌட்டி, ஏறத்தாழ 6,000 மக்களும், ஒட்டகம், கோவேறு கழுதை முதலான 10,000 விலங்குகளும் இரண்டு மைல் நீளத்துக்கு வரிசையாகச் சென்றதாகக் குறித்திருக்கிறார். ஆனால் அப்போதே காஃபிலாவின் காலம் மங்கத் தொடங்கிவிட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் வசதியுள்ளவர்கள் பெய்ரூத்திலோ இஸ்தன்பூலிலோ நீராவிக் கப்பலேறி ஜித்தாவில் இறங்கினர். ஏழைகளுக்கும் பழைமை விரும்பிகளுக்குமே தரைவழி எஞ்சியது.

இந்நிலையில் 1900ஆம் ஆண்டு மே மாதத்தில் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது ஓர் ஆணை பிறப்பித்தார். டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கும், அங்கிருந்து மக்காவுக்கும் இருப்புப் பாதை போடப்படும் என்பது அது. ஹாஜிகளின் துயர் தீர்ப்பது மட்டுமே சுல்தானின் நோக்கம் என்று சொன்னால் அது வரலாறாகாது. ஹிஜாஸுக்கும் யமனுக்கும் படைகளை விரைந்து அனுப்ப அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. சூயஸ் கால்வாயோ ஆங்கிலேயர் பிடியில் இருந்தது. கலீஃபா என்ற தம் நிலையை உலக முஸ்லிம்கள் உணரச் செய்யவும் அவர் விரும்பினார். நோக்கங்கள் கலந்தவை, ஆனால் விளைந்த பயன் மெய்யானது.

ஐரோப்பியர் எள்ளி நகைத்தனர். அவர்கள் நகைப்பில் நியாயமும் இல்லாமலில்லை. கடனில் மூழ்கிய அரசு. கடன்காரர்களான ஐரோப்பிய வங்கிகளே அதன் வருவாயை மேற்பார்த்துக்கொண்டிருந்தன. உதுமானிய நாட்டில் அதுவரை ஓடிய இருப்புப் பாதைகள் பெரும்பாலும் அயல்நாட்டுக் கம்பெனிகளுடையவை. அப்படிப்பட்ட அரசு, அயலாரிடம் ஒரு காசு கடன் வாங்காமல் 1,300 கிலோ மீட்டர் பாலைவனத்தில் தண்டவாளம் போடப்போகிறதாம்!

போட்டது என்பதுதான் வியப்பு. அந்தப் பணம் வந்த வகையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். சுல்தான் தம் சொந்தக் கருவூலத்திலிருந்து 50,000 லிரா வழங்கித் தொடங்கிவைத்தார். ஈரானின் ஷா கொடுத்தார். எகிப்தின் கிதீவ் கட்டுமானப் பொருள்கள் அனுப்பினார். அரசு அலுவலரின் சம்பளத்தில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. அதை மனமுவந்த நன்கொடை என்று ஏட்டில் எழுதிக்கொண்டனர். பத்திரங்களில் ஒட்ட ஹிஜாஸ் இரயில்வே முத்திரைத் தலைகள் அச்சிடப்பட்டன. கொடுத்தவர்களுக்குத் தொகைக்கேற்ப நிக்கல், வெள்ளி, தங்கப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. ஈதுல் அள்ஹாவில் அறுக்கப்படும் பிராணிகளின் தோல்களைத் திரட்டி விற்று, அப்பணத்தையும் பாதைக்குச் சேர்த்தனர். குர்பானித் தோல் மதரஸாவுக்கும் யத்தீம்கானாவுக்கும் போவதை ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய நமக்கு, அதன் பொருள் எளிதில் விளங்கும். ஆயிரம் மைலுக்கு அப்பால் ஏதோ ஒரு சிற்றூரில் அறுக்கப்பட்ட ஆட்டின் தோல், தபூக் அருகே ஓர் அங்குல இரும்பாக மாறியது.

நம் நாட்டுப் பங்கும் சிறியதன்று. பஞ்சாபைச் சேர்ந்த பத்திரிகையாளர் முஹம்மது இன்ஷா அல்லாஹ், சுல்தானின் ஆணைக்கு முன்பிருந்தே இப்படியொரு பாதை வேண்டுமென்று எழுதிவந்தவர். ஆணை வந்தபின் தம் பத்திரிகையைக் கொண்டே நிதி திரட்டினார். ஹைதராபாத்தில் ஒரு குழு அமைந்து பல ஊர்களிலும் கிளை பரப்பிற்று. இன்னொரு பேரரசின் குடிமக்களாய் இருந்தவர்கள், தாம் ஒருநாளும் ஏறிச்செல்ல வாய்ப்பில்லாத ஓர் இரயிலுக்குப் பணம் கொடுத்தார்கள். இந்திய ஹாஜிக்கு டமாஸ்கஸ் வழியில் இல்லை. அவர் பம்பாயில் கப்பலேறி ஜித்தாவில் இறங்குபவர். ஆயினும் கொடுத்தார்கள். மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு நன்கொடையாக வந்தது என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

1900 செப்டம்பர் முதல் நாள் வேலை தொடங்கியது. முதலில் தந்திக் கம்பி பாலைவனத்தில் ஓடியது. அதன் நினைவாக டமாஸ்கஸின் மர்ஜா சதுக்கத்தில் நிறுவப்பட்ட வெண்கலத் தூண், உச்சியில் ஒரு சிறு பள்ளிவாசலின் உருவத்தைத் தாங்கி இன்றும் நிற்கிறது. பாதைக்குத் தலைமைப் பொறியாளர் ஜெர்மானியரான மைஸ்னர்; பின்னர் பாஷா பட்டம் பெற்றார். உழைத்தவர்கள் உதுமானியப் படைவீரர்கள். இப்பணியில் ஈடுபட்டவர்களுக்குப் படைச்சேவைக் காலம் குறைக்கப்பட்டது. தண்டவாளங்களின் இடைவெளி 1.05 மீட்டர். மரக்கட்டை கிடைக்காத நாட்டில், கிடைத்தாலும் வெயிலில் வெடிக்கும் நாட்டில், இரும்புக் கட்டைகளையே பெரும்பகுதிக்குப் பரப்பினார்கள்.

1903இல் பாதை அம்மானை எட்டியது, 1904இல் மஆனை. அதற்குத் தெற்கே பத்னுல் கூல் என்றோர் இடம். பூதத்தின் வயிறு என்பது அதன் பொருள். மேட்டுநிலம் திடீரென்று செங்குத்தாக இறங்கும் அவ்விடத்தில் பாதையை வளைத்து வளைத்து இறக்கினர். வாந்திபேதி வந்து வீரர்களைக் கொண்டுசென்றது. வேலை முன்னேறிய இடத்துக்கெல்லாம் தண்ணீரை இரயில் வண்டியிலேயே கொண்டுவர வேண்டியிருந்தது. பாதை தன் தாகத்தைத் தானே தணித்துக்கொண்டு தெற்கே நகர்ந்தது எனலாம். 1906இல் தபூக், 1907இல் அல் உலா. அங்கிருந்து மதீனா வரை ஏறத்தாழ 320 கிலோ மீட்டரில் முஸ்லிமல்லாதார் கால் வைக்கலாகாது என்பதால், முக்தார் பேயின் தலைமையில் முஸ்லிம் பொறியாளர்களே வேலையை முடித்தனர். ஐரோப்பியரின் கைப்பிடி இல்லாமல் தம்மால் இயலும் என்று அவர்கள் தமக்கே மெய்ப்பித்துக்கொண்ட பகுதி அது. என் கருத்தில் இப்பாதையின் உண்மையான பெருமை இந்த 320 கிலோ மீட்டரில்தான் இருக்கிறது.

1908 ஆகஸ்ட் 22ஆம் நாள் முதல் இரயில் மதீனாவில் வந்து நின்றது. செப்டம்பர் முதல் நாள் முறைப்படி திறப்பு விழா. ஆணையிட்ட சுல்தானோ அதைக் காணவில்லை. அவ்வாண்டு ஜூலையில்தான் இளந்துருக்கியரின் புரட்சி அவர் அதிகாரத்தைப் பறித்திருந்தது. 1909 ஏப்ரலில் அவரை அரியணையிலிருந்தே இறக்கிவிட்டார்கள். அந்த இரயிலில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை.

டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு மூன்று நாள். கணக்கிட்டுப் பார்த்தால் மணிக்கு 18 கிலோ மீட்டர். மிதிவண்டியை நன்றாக மிதிப்பவன் உடன் வந்துவிடலாம். இரயில் என்று சொல்லவே கூசும் வேகந்தான். ஆனால் ஒட்டகம் நாளொன்றுக்குக் கடந்தது சுமார் 33 கிலோ மீட்டர் அல்லவா? ஷவ்வாலில் வீட்டை விட்டவன் ஸஃபர் மாதத்தில் திரும்புவான் என்ற நிலை மாறி, துல்கஅதாவின் கடைசியில்கூடப் புறப்படலாம் என்றாயிற்று. நாலு மாதம் கடையை மூட முடியாத சிறு வணிகன், கைக்குழந்தைக்காரி, முதியவர், கோட்டைக்குக் கோட்டை மையித்துகளை அடக்கிச்சென்ற வழியில் காலடி வைக்க அஞ்சியவர், எல்லாரும் பயணச்சீட்டு வாங்கினர். வழியில் ஒரே ஒரு தடை தபூக்கில் இருந்தது. நோய்த்தடுப்புக்காக ஹாஜிகளை அங்கே நிறுத்தி வைத்தார்கள்.

தூரம் சுருங்கியதால் எல்லாரும் மகிழ்ந்தனர் என்று நினைக்க வேண்டாம். ஒட்டகம் வாடகைக்கு விட்டவன், கூடாரம் தைத்தவன், தோற்பை செய்தவன், வழிகாட்டி, கிணற்றுக் காவலன் என்று நாற்பது நாள் வழியால் பிழைத்த கூட்டம் பெரிது. பாலைவனக் குலத்தாருக்கு ஸுர்ராவும் வாடகையும் சேர்ந்ததே ஆண்டு வருமானம். இரயில் என்ஜினுக்கு அவர்கள் 'இரும்புக் கழுதை' என்று பெயர் வைத்தார்கள். மதீனாவை நெருங்க நெருங்கத் தாக்குதல்கள் கூடின; 1908இல் அவை கடுமையாக இருந்தன. மதீனாவிலிருந்து மக்காவுக்குச் செல்ல வேண்டிய மீதிப் பாதை, இக்குலத்தாரின் எதிர்ப்பாலும் மக்காவின் ஷரீஃபின் தயக்கத்தாலும் தொடங்கப்படாமலே நின்றது. இவர்களை அறியாமையில் உழன்றவர்கள் என்று எழுதிவிடுவது எளிது. அவர்கள் இழந்ததற்கு ஈடாக என்ன கொடுக்கப்பட்டது என்று கேட்டால் விடை சொல்வது கடினம்.

பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்லலாம். 1914இல் உலகப் போர். 1916 ஜூனில் ஷரீஃப் ஹுசைன் ஆங்கிலேயரின் துணையோடு துருக்கியருக்கு எதிராகக் கிளர்ந்தார். லாரன்ஸ் முதலான அதிகாரிகளும் அரபுப் படையினரும் பாலங்களையும் தண்டவாளங்களையும் வெடிவைத்துத் தகர்த்தனர். மதீனாவைக் காத்த ஃபக்ரீ பாஷா, புனித நினைவுப் பொருள்களை அந்த இரயிலிலேயே இஸ்தன்பூலுக்கு அனுப்பினார். நகர மக்களில் பெரும்பகுதியினரையும் அதே இரயிலில் ஏற்றி வடக்கே ஷாமுக்கு அனுப்பிவிட்டார். மதீனாவைத் தரிசிக்க வருவோருக்கென்று போட்ட பாதையில், மதீனத்து மக்கள் வீடிழந்து வெளியேறினர். குடும்பங்கள் பிரிந்த அந்த நாட்களை மதீனாவாசிகள் தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்தனர். நகரில் எஞ்சிய படையினருக்கு வெட்டுக்கிளியைச் சமைத்து உண்ணும் முறையை விளக்கிப் பாஷா அறிக்கை வெளியிடும் நிலை வந்தது. 1918 அக்டோபர் 30இல் துருக்கி போர்நிறுத்தம் செய்துகொண்ட பிறகும் அவர் பணியவில்லை. 1919 ஜனவரியில்தான் நகரம் கைமாறியது.

லாரன்ஸின் வெடிகுண்டுதான் ஹிஜாஸ் இரயிலை அழித்தது என்று திரைப்படம் பார்த்தவர்கள் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. தகர்க்கப்பட்ட தண்டவாளத்தைத் துருக்கியர் மறுநாளே செப்பனிட்டு வண்டியை ஓட்டினர். போரின் கடைசி மாதங்கள்வரை அந்த விளையாட்டு நடந்தது. இரும்பைச் செப்பனிடலாம். நில வரைபடத்தில் போட்ட கோட்டைச் செப்பனிட ஆளில்லை. போருக்குப் பின் ஒரே பாதையின் வடபகுதி பிரெஞ்சுக்காரர் கையில் சிரியாவாயிற்று. நடுப்பகுதி ஆங்கிலேயர் மேற்பார்வையில் ஜோர்தானாயிற்று. ஹைஃபா கிளை பலஸ்தீனில் ஆங்கிலேயரிடம் போயிற்று. தென்பகுதி ஹிஜாஸ் அரசிடம் நின்று, 1925இல் இப்னு ஸவூதின் ஆட்சிக்குள் வந்தது. ஒரு சீட்டில் கடந்த தூரத்துக்கு மூன்று அரசாங்கங்களின் இசைவு வேண்டியதாயிற்று.

இது முஸ்லிம்களின் பொதுப்பணத்தால் ஆனது, எனவே வக்ஃபு, இதைக் கூறுபோட எவருக்கும் உரிமையில்லை என்ற குரல் எழுந்தது. 1923 ஜனவரியில் லோஸான் மாநாட்டில் பிரிட்டனும் பிரான்ஸும் இப்பாதையின் சமயத் தன்மையை ஏற்றுக்கொண்டு, சிரியா, பலஸ்தீன், ஜோர்தான், ஹிஜாஸ் ஆகிய நான்கு பகுதியாரும் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று மதீனாவில் அமையலாம் என்று அறிவித்தன. அந்தக் குழு செயற்பட்டதேயில்லை. சில ஆண்டுகள் அரைகுறையாக வண்டிகள் மதீனா வரை போய்வந்தன; 1920களின் நடுப்பகுதியோடு அதுவும் நின்றது. மூன்று நாள் வழி இல்லாமற் போயிற்று. ஒட்டகக் காஃபிலாவோ முன்பே கலைந்துவிட்டது. நாற்பது நாள் வழியும் இல்லை, மூன்று நாள் வழியும் இல்லை என்ற விந்தையான நிலை! 1960களில் மூன்று அரசுகளும் கூடிப் பாதையை மீண்டும் அமைக்க ஒப்பந்தம் செய்து வேலையும் தொடங்கின. 1967இன் போர் வந்து அதை முடக்கிற்று.

அதற்குள் வானம் திறந்துகொண்டது. 1952 ஆகஸ்டில், ஹஜ்ஜுக்குச் சில நாட்களே இருக்கையில், ஜித்தாவுக்குச் செல்லச் சீட்டு வாங்கியும் விமானத்தில் இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் பெய்ரூத் விமான நிலையத்தில் தவித்தனர். அமெரிக்க விமானப் படையின் சரக்கு விமானங்கள் வரவழைக்கப்பட்டு, சுமார் 3,700 பேரை ஏறத்தாழ 1,400 கிலோ மீட்டர் கடந்து ஜித்தாவில் இறக்கின. ஓர் ஆகஸ்டில் மதீனாவுக்கு முதல் இரயில் வந்து நாற்பத்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த முதல் இரயிலைக் கண்டவர்களில் சிலரேனும் இந்தச் செய்தியையும் கேட்டிருப்பார்கள்.

டமாஸ்கஸுக்கும் மதீனாவுக்கும் இடையே இன்றைய பயணி விமானம் ஒன்று வானில் இருக்க வேண்டிய நேரம் ஒன்றரை மணி. ஏறி இறங்குவதோடு சேர்த்து இரண்டு மணி. ஆனால் விமானத்தின் வேகத்தை மட்டும் வைத்துத் தூரத்தைச் சொல்லிவிட முடியாது என்பதையும் நம் காலமே காட்டிவிட்டது. 2011இல் சிரியாவில் உள்நாட்டுப் போர் மூண்டது. 2012இல் சவூதி அரபியா சிரிய அரசுடன் உறவை முறித்துக்கொண்டது. நேர் விமானங்கள் நின்றன. அதன்பின் டமாஸ்கஸ்வாசி ஒருவர் ஹஜ்ஜுக்குச் செல்ல விரும்பினால், எல்லை கடந்து இன்னொரு நாட்டுக்குப் போய், அங்கிருந்துதான் விமானம் ஏற முடிந்தது. ஒருகாலத்தில் உலக ஹாஜிகளெல்லாம் வந்து கூடிய நகரத்தின் மக்கள், தம் வாசலிலிருந்து புறப்பட வழியின்றிப் பிறர் வாசலில் நின்றார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 2024 மே மாதத்தில்தான் டமாஸ்கஸிலிருந்து ஹஜ்ஜு விமானம் ஒன்று நேராக ஜித்தா நோக்கிப் பறந்தது.

2018 அக்டோபரில் மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே ஹரமைன் அதிவேக இரயில் பயணிகளுக்காகத் திறக்கப்பட்டது. 450 கிலோ மீட்டர் நீளம். மணிக்கு 300 கிலோ மீட்டர் வேகம். அப்துல் ஹமீது கட்ட நினைத்து முடியாமற்போன பகுதி அதுவே. அவர் கட்டி முடித்த 1,302 கிலோ மீட்டரில், வடக்கே ஜோர்தானில் சில பகுதிகள் நீங்கலாக, வண்டி ஓடுவதில்லை. மணலில் தண்டவாளங்கள் பல இடங்களில் பெயர்த்தெடுக்கப்பட்டுவிட்டன. கருங்கல்லால் கட்டிய நிலையங்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. மதாயின் ஸாலிஹ் நிலையத்தின் கொட்டகையில் பழைய என்ஜின் ஒன்று பாதுகாக்கப்பட்டிருக்கிறது. மதீனாவின் அன்பரிய்யா பகுதியில் உள்ள இரயில் நிலையம் அருங்காட்சியகமாகியிருக்கிறது. மஸ்ஜிதுன் நபவியிலிருந்து அதற்கு நடந்தே போகலாம். நம் ஹாஜிகளிற் சிலர் போய்ப் பார்த்து வருகின்றனர்.